வாசகர் கேள்வி – பதில்: காட்டுத்தீ அணியில் ஆறு மாத வேலை

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் கோடைதோறும் காட்டுத்தீயை அணைப்பதற்கென்று சேர்க்கப்படும் தற்காலிகப் பணியாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் நான் எழுதிய கட்டுரைக்கு, எதிர்பார்த்ததைவிட அதிகமான கடிதங்கள் வந்திருக்கின்றன. மொன்டானாவில் அப்படியோர் அணியில் சில கோடைகள் நானும் மண் வெட்டியிருக்கிறேன் என்று அதில் குறிப்பிட்டிருந்ததால், பலர் உரிமையோடு பல விஷயங்களைக் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளில் வந்த கடிதங்களைச் சேர்த்து, நீண்டவற்றைச் சுருக்கிப் பதில் தருகிறேன்.

என் அக்கா மகள் ஆரிகன் மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவள். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு அந்நாட்டு வனத்துறையின் காட்டுத்தீ அணிக்கு விண்ணப்பித்து, ஆறு மாத வேலையும் கிடைத்துவிட்டது. பெண்பிள்ளையைத் தீக்குள் அனுப்புவதா என்று அக்கா சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. நாங்கள் தடுக்கலாமா?
– வாசகி, கோவை

தடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் அக்காவின் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் அவருக்கும் சற்று ஆறுதலாக இருக்கும்.

நகரத்துத் தீயணைப்பு வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு, பெண் குழாயைப் பிடித்தபடி தீயின் எதிரே நிற்பாள் என்று நினைக்கிறீர்கள். தண்ணீர் வண்டியோடு செல்லும் அணிகளும் உண்டு. எனினும் சாலை எட்டாத மலைச்சரிவில் வேலை செய்யும் இருபது பேர் கொண்ட அணிக்குத் தண்ணீர் என்பது பெரும்பாலும் குடிப்பதற்காக முதுகில் சுமந்து செல்லும் ஐந்தாறு லிட்டர்தான். தீக்கு இரை கிடைக்காமல் செய்வதே அவர்களுடைய வேலை. தீயின் ஓரத்தை ஒட்டியோ சற்றுத் தள்ளியோ ஒரு கோடு எடுத்து, அதற்குள் புல், சருகு, வேர் எதுவும் மிஞ்சாமல் வெறும் மண் தெரியும்வரை சுரண்டிவிட்டால், தரையோடு ஊர்ந்து வரும் தீ அங்கே வந்து நின்றுவிடும். முன்னால் செயின்சா பிடித்தவர்கள் புதரையும் சிறு மரங்களையும் அறுத்துக்கொண்டே செல்ல, அவர்களை அடுத்து வருபவர்கள் அறுத்ததை இழுத்துத் தீ இல்லாத பக்கம் எறிவார்கள். பின்னால் வரும் நீண்ட வரிசை கைக்கருவிகளால் தரையை வெட்டிச் சுரண்டும்.

அந்தக் கருவிகளில் முக்கியமானது புலாஸ்கி. ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் களைக்கொத்து போன்ற அலகு. 1910 ஆகஸ்டில் ஐடஹோ, மொன்டானா பகுதிகளில் இரண்டே நாளில் ஏறத்தாழ 30 லட்சம் ஏக்கர் காடு எரிந்தபோது, தம் ஆட்களை ஒரு பழைய சுரங்கத்துக்குள் ஓட்டிச் சென்று பெரும்பாலோரைக் காப்பாற்றிய எட் புலாஸ்கி என்ற வனச்சரகரின் பெயர் அதற்கு நிலைத்துவிட்டது. ஒருவரே ஓரிடத்தில் நின்று முழுதாக வெட்டுவதில்லை. ஆளுக்கு ஓரிரு வெட்டு வெட்டிவிட்டு ஓரடி நகர வேண்டும். மீதியைப் பின்னால் வருபவர் பார்த்துக்கொள்வார். நாற்று நடும் பெண்களின் வரிசையைப் பார்த்திருப்பீர்கள். அதே கூட்டுக்கணக்குதான், இங்கே முன்னோக்கி நகர்கிறார்கள். வரிசையின் கடைசி ஆள் கடந்து போகும்போது கோடு முடிந்திருக்கும்.

அதைவிட நீளமான வேலை, தீ அடங்கிய பிறகு தொடங்குகிறது. கோட்டின் உட்பக்கம் கருகிக் கிடக்கும் தரையில் கங்கு எங்கே மறைந்திருக்கிறது என்று தேட வேண்டும். கையுறையைக் கழற்றிவிட்டு, புறங்கையை முதலில் சாம்பலுக்கு மேலே பிடித்துப் பார்த்து, சூடு தெரியவில்லை என்றால் மெல்ல உள்ளே நுழைத்துத் தடவிப் பார்ப்போம். எரிந்த அடிமரத்தின் வேர் மண்ணுக்குள்ளேயே நாட்கணக்கில் கனன்று, மேலே சாம்பல் மூடிய குழியாகிவிடும். தெரியாமல் கால் வைத்தால் கணுக்கால்வரை வெந்துவிடும். இந்த வேலையைத் தொலைக்காட்சியில் யாரும் காட்டுவதில்லை. என் கோடைகளில் பெரும்பகுதி இதில்தான் போயிற்று.

இனி ஆபத்து. தீ சூழ்ந்து இறப்பவர்களைப் பற்றித்தான் செய்தி பெரிதாக வரும். ஆனால் உள்ளே வெந்து பட்டுப்போன மரம் சத்தமில்லாமல் சாய்வதும், களைத்துப்போன ஓட்டுநர் மலைப்பாதையில் வண்டியைக் கவிழ்ப்பதும், மாரடைப்பும், ஹெலிகாப்டர், விமான விபத்துகளும் சேர்ந்து பறிக்கும் உயிர்கள் பல. இவற்றுள் பெரும்பாலானவை அணித்தலைவரின் நிதானத்தைப் பொறுத்தவை. ஆகவே அக்கா மகளிடம் ‘தீ எவ்வளவு பெரியது’ என்று கேட்பதைவிட, ‘உன் அணித்தலைவர் எப்படிப்பட்டவர்’ என்று கேளுங்கள். கண்காணிக்க ஆள் எங்கே நிற்கிறார், அவரோடு தொடர்பு எப்படி, தப்பிச் செல்லும் வழி எது, அந்த வழி போய்ச் சேரும் பாதுகாப்பான இடம் எது என்ற நான்கும் உறுதியாகாமல் வேலையைத் தொடங்கக்கூடாது என்பதை 1991-இல் பால் கிளீசன் என்ற அணித்தலைவர் விதியாக எழுதிவைத்தார். அதற்கு முன்பே, 1957-இல் வகுக்கப்பட்ட பத்துக் கட்டளைகள் இருந்தன. ஆபத்து அளவுமீறியது என்று பட்டால் கொடுத்த வேலையைக் காரணம் சொல்லி மறுக்கலாம். எப்படி மறுப்பது என்ற முறையே ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கும் கையேட்டில் அச்சாகியிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் அதைப் பயன்படுத்தினால் முகம் சுளிக்காத அணியா என்பதுதான் கேள்வி.

பெண்பிள்ளை என்று நீங்கள் தனியாகக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பெண்கள் இந்த வேலையில் சிறுபான்மைதான்; வேலையில் அவர்கள் குறைந்தவர்கள் என்று நான் கண்டதில்லை. ஆனால் வனத்துறைத் தீயணைப்பு அணிகளில் பாலியல் தொல்லை குறித்த புகார்கள் அந்நாட்டு நாடாளுமன்றக் குழுவின் விசாரணைவரை போயிருக்கின்றன. சேர்வதற்கு முன் அந்த அணியில் வேலை செய்த ஒரு பெண்ணோடு அவள் தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. தீயைப் பற்றி அக்கா கவலைப்படும் நேரத்தில் பாதியை இதற்குச் செலவிடலாம்.

நான் வேளாண்மைப் பட்டதாரி. இந்தியாவிலிருந்து விண்ணப்பித்து அமெரிக்காவில் இந்த வேலையில் சேர முடியுமா? ஒரு முகவர் விசா ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்.
– வாசகர், மதுரை

முடியாது. அந்நாட்டு மத்திய அரசின் காட்டுத்தீ வேலைகளுக்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். பதினெட்டு வயதும் நிறைந்திருக்க வேண்டும். கனடாவின் மாகாணங்களில் சேருவதற்கும் அங்கே வேலை செய்யும் உரிமை முன்னதாகவே கையில் இருக்க வேண்டும். ஆறு மாதக் கூலி வேலைக்காக யாரும் கடல் கடந்து ஆள் எடுப்பதில்லை. முகவரிடம் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் ரசீதோடு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

உடல் தகுதித் தேர்வு கடினமா? பயிற்சி எத்தனை மாதம்?
– வாசகர், திருச்சி

பயிற்சி மாதக்கணக்கில் இல்லை என்பதைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். தீ எப்படிப் பரவுகிறது, கருவிகளை எப்படிக் கையாள்வது, குழுவில் எப்படி நடந்துகொள்வது ஆகியவற்றை ஏறத்தாழ 40 மணி நேரத்தில் கற்றுத் தருகிறார்கள். ஒரு வார வேலைநேரம், அவ்வளவுதான். மீதியைக் கோடு வெட்டும் வரிசையில் முன்னால் நிற்பவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும்.

தேர்வு எளிமையான ஒன்று. 45 பவுண்டு, அதாவது இருபது கிலோவுக்குச் சற்று அதிகமான சுமையை முதுகில் கட்டிக்கொண்டு, மூன்று மைல் சமதரையை 45 நிமிடத்துக்குள் நடந்து முடிக்க வேண்டும். ஓடக்கூடாது. கேட்பதற்குச் சுலபமாகத் தெரியும். ஓட அனுமதிக்காததுதான் கடினம். ஏறத்தாழ 4.8 கிலோமீட்டரை மணிக்கு ஆறரைக் கிலோமீட்டர் வேகத்தில் சுமையோடு நடக்கும்போது கணைக்காலின் முன்பக்கத் தசைகள் எரியத் தொடங்கும். இதிலும் பயிற்சியிலும் தேறியவர்களுக்குத்தான் ‘ரெட் கார்டு’ என்று எல்லோரும் சொல்லும் தகுதி அட்டை கிடைக்கிறது. அது இல்லாமல் தீயருகே போக முடியாது.

தேர்வில் தேறுவது வேறு, வேலையைத் தாங்குவது வேறு. ஜிம்மில் பெரிய எடை தூக்கிய இளைஞர்கள் முதல் வாரத்திலேயே தளர்ந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கவிழ்த்தது பெரும்பாலும் பாதம்தான். குறைந்தது எட்டு அங்குல உயரமுள்ள கனத்த தோல் பூட்ஸ் போட வேண்டும்; அது காலுக்குப் பழகுவதற்கு வாரக்கணக்காகும். வேலையில் சேரும் நாளில் புதுப் பூட்ஸோடு வந்தவர் மூன்றாம் நாள் குதிகாலில் தோலில்லாமல் நிற்பார். சேர்வதற்கு இரண்டு மாதம் முன்பே வாங்கி, மேட்டுப்பாங்கான இடங்களில் சுமையோடு நடந்து பழகிக்கொள்வது எந்த உடற்பயிற்சியையும்விடப் பலன் தரும்.

அமெரிக்க அரசு வேலை, அதுவும் உயிரைப் பணயம் வைக்கும் வேலை. சம்பளம் கொழுத்ததாகத்தானே இருக்கும்? உங்கள் கட்டுரையில் அதைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்களே?
– ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், சென்னை

இடமில்லாமல் விட்டது. கேட்டதற்கு நன்றி, இந்த வேலையைப் பற்றி எனக்குச் சொல்ல வேண்டியது எல்லாமே இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

முதலில் பதவியின் பெயர். மத்திய அரசின் ஏடுகளில் இவர்கள் நெடுங்காலம் தீயணைப்பு வீரர்களாகவே இருந்ததில்லை; ‘வனவியல் தொழில்நுட்பர்’ என்றுதான் எழுதப்பட்டார்கள். காட்டுத்தீ அணைப்பவர் என்ற தனிப் பணிப்பிரிவு 2022-இல்தான் உருவாக்கப்பட்டது. அடுத்து வேலைநேரம். முழு ஆண்டுப் பணிக்கு அங்கே 2,080 மணி என்று கணக்கு. தற்காலிகப் பருவப் பணியாளருக்கு ஓவர்டைம் நீங்கலாக 1,039 மணிவரை வேலை கொடுக்கலாம். இரண்டு எண்களையும் ஒருமுறை வகுத்துப் பாருங்கள்: பாதியாண்டுக்குச் சரியாக ஒரு மணி குறைவு. அதற்குமேல் தேவைப்பட்டால் நிரந்தரப் பணியாக்க வேண்டியிருக்கும். அதனால் தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கும்போதே மணிக்கணக்கு முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு. தற்காலிகமாக உழைத்த கோடைகள் ஓய்வூதியக் கணக்கிலும் சேருவதில்லை.

அடிப்படைக் கூலி எவ்வளவு குறைவாக இருந்தது என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2021-இல் அதிபர் பைடன் இவர்களுக்கு மணிக்குக் குறைந்தது 15 டாலராவது தர வேண்டும் என்று உத்தரவாதம் அளித்தபோது அது செய்தியாயிற்று. பல ஊர்களில் பர்கர் கடைக்காரர் அந்த அளவுக்குத் தந்துகொண்டிருந்த காலம் அது. அதே ஆண்டு நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம், அடிப்படைச் சம்பளத்தில் பாதி அல்லது 20,000 டாலர், இவற்றில் குறைந்ததைத் தற்காலிக உயர்வாகக் கொடுத்தது. அது எப்போது நிற்குமோ என்ற கவலையிலேயே சில ஆண்டுகள் ஓடின. 2025 மார்ச்சில்தான் நிலையான புதிய சம்பள விகிதம் சட்டமாயிற்று.

அப்படியானால் முன்னர் எப்படி வாழ்ந்தார்கள்? ஓவர்டைமில். கூடுதல் மணிக்கு ஒன்றரை மடங்கு. கட்டுக்கடங்காத தீயில் வேலை செய்யும் நாளுக்கு ஆபத்துப்படியாக 25 சதவீதம். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம், தொடர்ந்து பதினான்கு நாள், பிறகு ஓய்வு நாட்கள், மறுபடியும் பதினான்கு நாள் என்று ஒரு கோடை முழுவதும் ஓடினால் கையில் பணம் சேரும். மழை நல்லபடியாகப் பெய்து தீயில்லாத ஆண்டாகிவிட்டால் வாடகைக்கே தட்டுப்பாடு. காடு எரியாமல் இருக்க வேண்டும் என்று உழைக்கும் ஒருவர், மின்னல் புயல் வருகிறது என்ற வானிலை அறிக்கையைக் கேட்டு உள்ளூர மகிழும்படி ஒரு சம்பள முறையை அமைத்துவிட்டு, பிறகு அவரை வீரர் என்று பாராட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அணிகளில் அனுபவசாலிகள் நிற்காமல் போவதற்கும் இதுவே முதற்காரணம். முப்பது வயதில், தீயின் போக்கை முகர்ந்தே சொல்லக்கூடிய நிலைக்கு வந்தவர், குழந்தை பிறந்ததும் மின்வாரியத்துக்கோ நகரத் தீயணைப்புத் துறைக்கோ போய்விடுகிறார். அண்மை ஆண்டுகளில் பலரை நிரந்தரப் பருவப் பணியாளர்களாக மாற்றியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்டில் சில மாதம் வேலை இல்லாவிட்டாலும் அடுத்த கோடைக்கு இடமும் ஓய்வூதியமும் உறுதி என்ற அந்த ஏற்பாடு சரியான திசையில் ஓர் அடி.

இவர்களுக்கும் கீழே இன்னொரு படி இருக்கிறது. கலிஃபோர்னியாவில் சிறைக் கைதிகளைக் கொண்டு கோடு வெட்டும் முகாம்கள் 1940-கள் முதல் நடந்துவருகின்றன. அவர்களுக்கு அண்மைக்காலம்வரை நாள் முழுவதற்கும் கிடைத்தது அதிகம் போனால் பத்து டாலர் அளவுக்கு. தீ எரியும்போது மட்டும் மணிக்கு ஒரு டாலர் சேர்த்துத் தருவார்கள். தீயணைக்கும் நேரத்துக்கு நாட்டின் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 7.25 டாலர் தர வேண்டும் என்று 2025-இல்தான் சட்டம் வந்தது.

தீ சூழ்ந்துகொண்டால் அலுமினியக் கூடாரத்துக்குள் படுத்துக்கொள்வார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மையிலேயே அது காப்பாற்றுமா?
– வாசகர், புதுச்சேரி

சில இடங்களில் காப்பாற்றும். நெருப்பைத் தாங்கும் துணியின்மேல் அலுமினியத் தகடு ஒட்டிய, ஒருவர் மட்டும் குப்புறப் படுக்கக்கூடிய உறை அது. மடித்து இடுப்புப் பையில் வைத்திருப்பார்கள். தூரத்திலிருந்து வீசும் வெப்பத்தைத் திருப்பியனுப்பவும், தரையோடு ஒட்டிய கொஞ்சம் குளிர்ந்த காற்றை மூச்சுக்குத் தேக்கிவைக்கவும் உதவும். சுடர் நேராக வந்து படிந்தால் தகடு உரிந்துபோகும். 2013 ஜூன் 30 அன்று அரிசோனாவின் யார்னெல் மலைப்பகுதியில், புயற்காற்றில் திடீரென்று திசை மாறிய தீ 19 பேரைச் சூழ்ந்துகொண்டது. உறைகளை விரித்தும் ஒருவரும் பிழைக்கவில்லை. இந்த உறையால் பிழைத்தவர்கள் நூற்றுக்கணக்கில் உண்டு என்பதும் உண்மைதான். ஆனால் அதை விரிக்க வேண்டிய நிலை வந்துவிட்டது என்றால், அதற்கு முன் பல முடிவுகள் தவறியிருக்கின்றன என்று பொருள்.

இதைவிட 1949-இல் மொன்டானாவின் மான் கல்ச் பள்ளத்தாக்கில் நடந்தது எனக்கு அதிகம் கற்றுத் தந்தது. ஆகஸ்ட் 5 அன்று, பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கச் சென்றவர்களும் அங்கே அவர்களோடு சேர்ந்த ஒரு வனத் தீக்காவலருமாகப் பதினாறு பேர், கீழேயிருந்து மேலேறி வந்த புல்தீக்கு முன்னால் சரிவில் ஓடிக்கொண்டிருந்தார்கள். தலைவர் வாக்னர் டாட்ஜ் ஓட்டத்தை நிறுத்தி, தீக்குச்சியைக் கிழித்துத் தம் எதிரே இருந்த புல்லுக்கே தீ வைத்தார். அது எரிந்து முன்னேறிய பிறகு சாம்பல் தரையில் குப்புறப் படுத்தார். எரிய ஒன்றும் மிஞ்சாத அந்த இடத்தைப் பெருந்தீ சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் கூப்பிட்டும் மற்றவர்கள் வரவில்லை. அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். பதின்மூன்று பேர் இறந்தார்கள். ஒருவரையொருவர் அதிகம் பழகியறியாத ஆட்களைச் சேர்த்து அனுப்பிய அணி அது. சொல்லை நம்பி ஓடிவருவதற்கு வேண்டிய பழக்கம் அங்கே இல்லை. ஆண்டுதோறும் ஆட்கள் மாறும் அணிகளைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

தீ இயற்கையானதுதானே? எல்லாத் தீயையும் ஏன் அணைக்க வேண்டும்?
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

அணைக்க வேண்டியதில்லை என்பதை அமெரிக்க வனத்துறை மிகத் தாமதமாகக் கற்றுக்கொண்டது. 1935-இல், எந்தத் தீயையும் கண்ட மறுநாள் காலை பத்து மணிக்குள் அடக்கிவிட வேண்டும் என்று கொள்கை வகுத்தார்கள். 1970-களில்தான் அதைக் கைவிட்டார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சருகையும் சிறு செடிகளையும் மட்டும் தின்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த சிறு தீக்களைத் தடுத்ததால், பாண்டரோசா பைன் காடுகளில் எரிபொருள் குவிந்து, இன்று தரையில் பிடிக்கும் தீ மர உச்சிவரை ஏறிவிடுகிறது. அங்குள்ள பழங்குடியினர் தாமே தீ வைத்துக் காட்டைப் பராமரித்துவந்ததையும் அரசு தடை செய்திருந்தது. இன்று வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும், காற்றும் ஈரப்பதமும் பார்த்துத் திட்டமிட்டுத் தீ வைக்கிறார்கள். டீசலும் பெட்ரோலும் கலந்த கைவிளக்கால் கோடு கோடாகப் பற்றவைப்பவர்கள் இதே அணிகள்தான். இந்த வேலைக்குரிய மாதங்களில்தான் தற்காலிகப் பணியாளர்களின் மணிக்கணக்கு தொடங்கியிருக்காது, அல்லது முடிந்துபோயிருக்கும். பெருந்தீயைக் குறைக்கும் வேலைக்கு ஆளில்லாமல், பெருந்தீயை அணைக்கும் வேலைக்கு மட்டும் ஆள் சேர்க்கிறார்கள்.

எங்கள் மலையிலும் பிப்ரவரி வந்தால் ஊர்க்காரர்கள் சிலரை வனத்துறையினர் தீக்காவலுக்குக் கூப்பிடுகிறார்கள். குரங்கணித் தீக்குப் பிறகு இதைக் கவனிக்கத் தொடங்கினேன். அவர்களும் நீங்கள் எழுதியவர்களும் ஒன்றா?
– வாசகர், தேனி மாவட்டம்

வேலை ஒன்று, கையில் இருப்பது வேறு. கோடைக்கு முன் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது, காய்ந்த புல்லைக் கட்டுக்குள் வைத்து முன்கூட்டியே எரித்துவிடுவது, எதிர்த்தீ வைப்பது ஆகிய அனைத்தும் நம் வனக்காவலர்களுக்கும் மலைவாழ் மக்களுக்கும் நன்றாகத் தெரிந்தவை. அமெரிக்க அணியில் முதல் கோடையில் சேரும் இளைஞருக்கு, தான் நிற்கும் மலையில் அடுத்த ஓடை எங்கே என்று தெரியாது. நம் ஊர்க் காவலருக்கு எந்தச் சரிவில் எந்த நேரத்தில் காற்று ஏறும் என்பதுகூடத் தெரியும். ஆனால் அவர் பச்சைத் தழையை ஒடித்துப் புல்தீயை அடித்து அணைக்கிறார். காலில் ரப்பர் செருப்பு, உடலில் பாலியெஸ்டர் சட்டை. தீப்பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும் துணி அது. அங்கே தீ எளிதில் பற்றாத நோமெக்ஸ் சட்டையும் தோல் பூட்ஸும் இல்லாமல் ஒருவரையும் கோட்டருகே விடமாட்டார்கள்.

இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் படங்களில் வெப்பப் புள்ளிகளைக் கண்டறிந்து பதிவு செய்தவர்களின் கைப்பேசிக்கே எச்சரிக்கை அனுப்புகிறது. தகவல் இவ்வளவு விரைவாக வந்த பிறகும், கடைசியில் மலையேறிச் செல்பவர் கையில் தழைதான் இருக்கிறது. 2020 பிப்ரவரியில் கேரளத்தின் திருச்சூர் மாவட்டத்தில் தேசமங்கலம் அருகே தோட்டக்காட்டுத் தீயை அணைக்கச் சென்ற வனக்காவல் பணியாளர்கள் மூவர் தீ சூழ்ந்து இறந்தார்கள். அதைக் குரங்கணி அளவுக்கு நாம் பேசவில்லை.

2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேற்றக் குழுவினர் சிக்கி, பின்னர் மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போனதற்கு, அனுமதி குறித்த சர்ச்சைகளை விட்டுவிட்டுப் பார்த்தால், தீயின் இயல்பும் ஒரு காரணம். மேல்நோக்கிச் செல்லும் தீ, சரிவு பத்துப் பாகை கூடும்போதெல்லாம் ஏறத்தாழ இரு மடங்கு வேகம் பிடிக்கும். மனிதர் ஓட்டம் அதே சரிவில் குறைந்துகொண்டே போகும். காய்ந்த புல்வெளிச் சரிவில் தீக்கு மேலே நிற்பது எந்த நாட்டிலும் நிற்கக்கூடாத இடம். மொன்டானாவில் எங்கள் கண்காணிப்பாளர் மணிக்கொருமுறை, ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் சாதாரண வெப்பமானியையும் சேர்த்துச் சுழற்றி ஈரப்பதத்தைக் கணக்கிட்டு வாக்கி-டாக்கியில் சொல்லுவார். எண் சரசரவென்று இறங்கினால் நாங்கள் கருவிகளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிவிடுவோம். அந்தக் கருவியின் விலை அதிகமில்லை. நம் வனச்சரகங்களில் தற்காலிகக் காவலர் ஒவ்வொருவருக்கும் பருத்திச் சட்டை, தோல் பூட்ஸ், காப்பீடு, சரகத்துக்கு ஓரிரண்டு ஈரப்பதமானி என்று தொடங்கினாலே பாதி வேலை முடியும். ஆளில்லா விமானம் வாங்குவதைப் பற்றிப் பிறகு பேசலாம்.

ஒன்ராறியோ மாகாணத்தில் என் மகன் இரண்டு கோடைகளாக ஃபயர் ரேஞ்சராக வேலை செய்கிறான். வீடு திரும்பினால் வாரக்கணக்கில் இருமல். அதைவிட, குளிர்காலம் முழுவதும் யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே இருக்கிறான். இது வழக்கமா?
– ஒரு தாய், டொராண்டோ

இருமல் பலருக்கும் வருவதுதான்; அதற்காக அதை வழக்கம் என்று விட்டுவிடக்கூடாது. வெயிலில் பல மணி நேரம் வெட்டும்போது மூச்சு முட்டும் என்பதால் காட்டுத்தீ அணிகள் நெடுங்காலம் சுவாசக் கவசம் இல்லாமலேயே வேலை செய்தன. கழுத்துத் துணியை மூக்கில் கட்டிக்கொள்வது பெரிய தூசியைத் தடுக்குமே தவிர, புகையைத் தடுக்காது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்புத் தொழிலைப் புற்றுநோய் உண்டாக்கும் தொழில்களின் முதற்பிரிவில் சேர்த்தது. இருமல் இரண்டு மூன்று வாரத்தைத் தாண்டினால் நுரையீரல் செயல்திறன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எந்தத் தேதியில் எந்தத் தீயில் வேலை செய்தான் என்பதை எழுதி வைத்துக்கொள்ளட்டும். பிற்காலத்தில் தொழில்சார் நோய் என்று இழப்பீடு கேட்க நேர்ந்தால் அந்தக் குறிப்பேடு உதவும்.

மௌனம் எனக்கு இன்னும் கவலை தருகிறது. கோடை முழுவதும் இருபது பேரோடு உண்டு, உறங்கி, ஒருவர் உயிரை மற்றவர் பார்த்துக்கொண்ட ஒருவனுக்கு, ஒரே நாளில் வேலையும் கூட்டமும் இல்லாமல் போகிறது. ஏதேனும் கண்டிருந்தால் அதை வீட்டில் சொல்லவும் தயங்குவான். ‘என்ன ஆச்சு’ என்று கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். அவனுடைய அணி நண்பர் ஒருவரை வீட்டுக்குச் சாப்பிட அழையுங்கள்; அவர்கள் பேசிக்கொள்வதிலேயே உங்களுக்குப் பாதி விளங்கும். தூக்கம் கெட்டிருந்தாலோ, குடி கூடியிருந்தாலோ, வாழ்க்கை வேண்டாம் என்பதுபோல் ஒரு சொல் வந்தாலோ, காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அடுத்த கோடைக்குப் போக வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடாதீர்கள். குளிர்காலத்துக்கு ஒரு படிப்போ பகுதிநேர வேலையோ அமைந்த பிறகு அவனே முடிவு செய்யட்டும்.

முகாமில் சாப்பாடு என்ன? சைவம் கிடைக்குமா?
– பள்ளி மாணவர், நாகர்கோவில்

ஒரு நாள் வேலைக்கு 4,000 முதல் 6,000 கலோரி செலவாகும் என்பதால் சாப்பாட்டில் யாரும் கஞ்சத்தனம் செய்வதில்லை. பெரிய முகாமில் காலையும் இரவும் சமைத்த உணவு. சைவம் கேட்டால் தருவார்கள். மதியத்துக்கு ரொட்டி, பழம், இனிப்பு எல்லாம் அடங்கிய காகிதப் பை. சாலையில்லாத மலையில் தங்கும்போது இராணுவப் பொட்டல உணவுதான். அதில் சைவப் பொட்டலங்கள் சிலவே இருக்கும், முந்துபவர்களுக்குக் கிடைக்கும். ஊறுகாய்ப் புட்டி கொண்டுபோகலாமா என்று அடுத்துக் கேட்பாய். சுமப்பது நீதான் என்பதால் யாரும் தடுக்கமாட்டார்கள். மூடியை மட்டும் இறுக்கி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் போட்டுக் கட்டிவிடு.